பச்சை கிடந்த பாதை

டிசம்பர் 4, வியாழன்

மழை: இல்லை. பறவை: கொண்டைக்குருவி நாலு. இருவாச்சி ஒண்ணு, சத்தம் மட்டும். யானை: செக்போஸ்ட்டுக்குப் பின்னால நேத்துப் போட்ட லத்தி.

ரேஞ்சர் இந்த டைரியைக் கொடுத்தப்ப இவ்வளவுதான் எழுதணும்னு சொன்னார். ஒரு பக்கத்துல மூணு வரி எழுதிட்டு மிச்சத்தை வெள்ளையா விட எனக்கு மனசு வராது. பன்னிரண்டாவது வரைக்கும் படிச்சவ நான், சும்மா இல்லை. மாசக் கடைசியில அந்த மூணு வரியை மட்டும் ஆபீஸ் நோட்டுல ஏத்திக் கொடுத்துடுறேன். மிச்ச இடத்துல என் பாட்டைப் பாடிக்கிறேன். யாரு கேக்கப் போறா?

இன்னைக்குப் பாதை சுத்தம். தூவானப் பாறை வரைக்கும் போய் ரெண்டு சாக்கு பிளாஸ்டிக் பொறுக்கிட்டு வந்தோம், நானும் சன்னாசி அண்ணனும். நடக்க வர்றாங்களா, பிஸ்கட் திங்க வர்றாங்களான்னு தெரியலை. சனிக்கிழமைக்கு பதினோரு பேர் பதிவு பண்ணியிருக்காங்க. நான் முன்னால, சன்னாசி அண்ணன் கடைசியில. எப்பவும் அதான் ஏற்பாடு. முன்னால போற ஆள் வழியைப் பார்க்கணும், கடைசி ஆள் மனுசங்களைப் பார்க்கணும்.

வர்றவங்களுக்கு நான் கேட்டுல நின்னு சொல்ற பாடம் ஒண்ணே ஒண்ணுதான். "பாதை பிரியிற இடத்துல நான் பச்சைக் கிளை ஒடிச்சுக் குறுக்க போட்டிருப்பேன். பச்சை கிடந்தா அந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது. அது யானை போற வழி, இல்லைன்னா பள்ளம். பச்சையைத் தாண்டினவனைத் தேடி நான் வர மாட்டேன்." கடைசி வரியைக் கேட்டுச் சிரிப்பாங்க. சிரிக்கட்டும், அப்பதான் ஞாபகம் இருக்கும்.

சன்னாசி அண்ணனுக்கு ஜனவரியில வேலை நிரந்தரம் ஆகப் போகுதாம். இருபத்தோரு வருசம் தினக்கூலி. பட்டியல்ல பேரு வந்ததை யாரோ போன்ல காட்டியிருக்காங்க. அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். என்கிட்ட ரெண்டு தடவை காட்டி, "நம்ம பேருதானா ஆத்தா, பாரு"ன்னார். "வேற எவன் வச்சிருக்கான் இந்தப் பேரை"ன்னேன். சிரிச்சார்.

டிசம்பர் 6, சனி

மழை: சாயங்காலம் தூறல். பறவை: பார்க்கலை.

பதினோரு பேர் ஏறினாங்க. பத்துப் பேர் இறங்கினாங்க.

காணாமப் போனவர் பேரு தியாகேசன். ஐம்பத்திரண்டு வயசு. திருவாரூர்ப் பக்கம் அரசு ஆஸ்பத்திரியில பார்மசிஸ்ட். கூட்டிட்டு வந்தது மகள் மேகலா. பிறந்த நாளுக்கு அப்பாவுக்கு மலை காட்டணும்னு பதிவு பண்ணியிருக்கு. அந்தப் பொண்ணு காலையிலிருந்து எனக்குப் பின்னாலயே பேசிக்கிட்டு நடந்துச்சு. அவர் கடைசியில, ஆற அமர, ஒவ்வொரு மரத்தையும் நின்னு பார்த்துக்கிட்டு வந்தார்.

நடந்ததை வரிசையா எழுதுறேன். மதியம் ஒரு மணிக்கு டவர் பாறை. மலையில அந்த ஒரு இடத்துலதான் போனுக்கு டவர் கிடைக்கும், அதான் பேரு. அங்கே பாதை ரெண்டாப் பிரியும். இடது பக்கம் நம்ம பாதை, ஓடையை ஒட்டிப் போற ஒத்தையடி. வலது பக்கம் யானைத்தடம். யானை போட்ட வழி மனுசன் போட்டதைவிட அகலமா, கால் நோகாம இருக்கும். தெரியாதவன் அதுலதான் இறங்குவான். அதுக்குத்தான் பச்சை.

டவர் பாறைக்குக் கொஞ்சம் முன்னால தியாகேசன் ஒதுங்கணும்னு சொல்லியிருக்கார். "நீங்க போங்க, பின்னாலயே வந்துடுறேன்"னு சன்னாசி அண்ணனை அனுப்பியிருக்கார். சன்னாசி அண்ணன் கையில முட்டிவலிக்கார அம்மா ஒருத்தங்க. அவங்களைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு, அவங்க கால் வைக்கிற இடத்தையே பார்த்துக்கிட்டு, டவர் பாறையைத் தாண்டி வளைவுல ஒரு கல்லுல உட்கார வச்சுட்டுக் காத்திருந்திருக்கார். பத்து நிமிசம். ஆள் வரலை. அந்த அம்மாவைத் தனியா விட முடியாம வளைவுல நின்னே கூப்பிட்டிருக்கார், விசில் அடிச்சிருக்கார். பதில் இல்லை.

மிச்சப் பேரை நான் ஓடையை ஒட்டிப் போற வழியிலயே நாலு மணிக்குக் கீழே இறக்கினேன். உடனே ரேஞ்சர், ரெண்டு வாட்சர், ஒரு போலீஸ்காரரோட திரும்ப ஏறினேன். அஞ்சே காலுக்கு டவர் பாறை. யானைத்தடத்துல பச்சை கிடந்துச்சு. ரேஞ்சரே பார்த்தார். "பச்சை கிடக்குது. அப்ப இங்கிட்டுப் போயிருக்க மாட்டான்"னார். எல்லாரும் இடது பக்கம் ஓடையைப் பார்த்து இறங்கினோம். இருட்டுற வரைக்கும் கத்தினோம். ஓடையில தண்ணிச் சத்தம், நாங்க கத்துறது எங்களுக்கே கேக்கலை.

சன்னாசி அண்ணனை மலையேற விடலை. செக்போஸ்ட்டுல உட்கார வச்சு விசாரிக்கிறாங்க.

பச்சை கிடந்துச்சு.

டிசம்பர் 7, ஞாயிறு

மழை: விடியக்காலை நல்ல மழை. அட்டை: எண்ணலை.

நாலு மணிக்கு எழுந்து தேடுற ஆளுங்க முப்பது பேருக்கு உப்புமா கிண்டினேன். ரவை அடிப்பிடிச்சிருச்சு. அதையே தின்னுட்டுப் போனாங்க. நானும் தின்னேன். இறங்குச்சு. எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு.

நாள் முழுக்க ஓடைப் பக்கம். தீயணைப்புக்காரங்க கயிறு கட்டி இறங்கிப் பார்த்தாங்க. வாட்சர் ரெண்டு பேரு எதுக்கும் இருக்கட்டும்னு யானைத்தடத்துலயும் கொஞ்ச தூரம் போனாங்களாம். குட்டியோட நாலு யானை நின்னுச்சாம், திரும்பிட்டாங்களாம். ரேஞ்சர், "விடுங்கப்பா, அங்கிட்டு எதுக்கு, அதான் அடைச்சுக் கிடந்துச்சே"ன்னார்.

போலீஸ்காரர் பச்சையை போன்ல படம் எடுத்துக்கிட்டார். நாவல் கிளை. இலை சுருள ஆரம்பிச்சிருந்துச்சு. பக்கத்துல நின்னு பார்த்தேன். என்னை ஒண்ணும் கேக்கலை.

மேகலா செக்போஸ்ட் திண்டுல உட்கார்ந்திருக்கு. அழலை. வர்றவங்க கால்ல கிடக்கிற சேத்தையே பார்க்குது. டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். "தேங்க்ஸ்க்கா"ன்னுச்சு.

சன்னாசி அண்ணனை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அடுத்த உத்தரவு வர்ற வரைக்கும் காட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாதாம். போகும்போது என்னைப் பார்த்து, "ஆளை விட்டுட்டு வந்துட்டேனே ராக்கு"ன்னார். நான் சாக்கை மடிச்சுக்கிட்டிருந்தேன். மடிச்சு முடிச்சேன்.

டிசம்பர் 8, திங்கள்

மழை: இல்லை. குளிர்.

காலையில இட்லி. மதியம் புளிசாதம். பெரிய அண்டாவோட பிடி ஒண்ணு கழண்டிருச்சு, கம்பி வச்சுக் கட்டினேன்.

ஓடையில ஆழமான கசம் ஒண்ணு இருக்கு. அதுல முங்கிப் பார்க்க கீழேயிருந்து ஆள் கொண்டு வந்தாங்க. மேகலாவுக்கு அதைப் பார்த்ததும் முகம் வெளுத்துப் போச்சு. ரேஞ்சர்கிட்ட எழுந்து போய்க் கேட்டுச்சு, "சார், அந்த இன்னொரு வழியில நல்லாப் பார்த்தீங்களா?"

"அதுல பச்சை கிடந்துச்சும்மா. இந்த அக்காதான் போட்டாங்க. நானே பார்த்தேன்."

அந்தப் பொண்ணு என்னைத் திரும்பிப் பார்த்துச்சு. அப்புறம் தலையாட்டிச்சு. "பச்சை கிடந்தா எங்கப்பா தாண்ட மாட்டார் சார். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாலன்னு மருந்துச் சீட்டுல இருந்தா கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருப்பார். அப்படிப்பட்ட ஆளு. நீங்க ஓடையிலயே பாருங்க."

அதுவே சொல்லிருச்சு. அதோட வாயாலேயே.

சரி. எழுதிடுறேன். இதை யாரும் படிக்கப் போறதில்லை.

சனிக்கிழமை ஒரு மணிக்கு டவர் பாறையில நான் பச்சை போடலை. மதுரையிலிருந்து என் மக செல்வராணி போட்டோ அனுப்பியிருந்தா. நர்சிங் காலேஜ் ஆண்டு விழாவுக்கு எடுத்த சுடிதார். "அம்மா இந்தக் கலர் நல்லாருக்கா, இல்ல அரக்கு எடுக்கட்டுமா?" அவ்வளவுதான். டவர் போயிடுமேன்னு பாறை மேல ஏறி நின்னு ஒவ்வொரு எழுத்தாத் தட்டினேன். "அரக்கு வேணாம் நீ கருப்பு". அடிச்சதைப் படிச்சுப் பார்த்துட்டு, கருப்புங்கிறதை அழிச்சுட்டு மாநிறம்னு போட்டேன். அதுக்குள்ள எனக்குப் பின்னால வந்த ஒன்பது பேரும் என்னைத் தாண்டிப் போயிட்டாங்க. முன்னால போகணுமேன்னு ஓடினேன். பச்சை ஞாபகமே வரலை. பதினோரு வருசத்துல ஒருநாள் கூட மறந்ததில்லை.

சாயங்காலம் ரேஞ்சரோட ஏறும்போதுதான் ஞாபகம் வந்துச்சு. "நான் முன்னால போய்ப் பார்க்கிறேன் சார்"னு சொல்லிட்டு ஓடினேன். அவங்க வளைவுல வர்றதுக்குள்ள நாவல் கிளையை ஒடிச்சுக் குறுக்க போட்டேன். எதுக்குப் போட்டேன்? வேலை போயிடும்னு பயம். செல்வராணிக்கு இன்னும் ஒன்றரை வருசப் படிப்பு இருக்கு. இதையெல்லாம் அப்ப யோசிச்சேனான்னா, இல்லை. கை தானாப் போட்டுருச்சு.

போட்ட அந்த நிமிசத்துல அந்தாளு யானைத்தடத்துலதான் போயிருப்பார்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் ரெண்டு நாளா இந்த ஜனங்களை ஓடையில முங்க விட்டுட்டு அண்டாவுக்குக் கம்பி கட்டிக்கிட்டிருக்கேன். அழுகை வருமான்னு பார்க்கிறேன், வர மாட்டேங்குது. மரத்துப் போன மாதிரி இருக்கு.

அந்த நாலு யானை இன்னும் அங்கேயே நிக்குமா?

டிசம்பர் 9, செவ்வாய்

மழை, பறவை எல்லாம் நாளைக்கு.

விடிஞ்சதும் சன்னாசி அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் அடுப்புக்கு முன்னால குத்தவச்சு உட்கார்ந்திருந்தார். அவர் சம்சாரம் தண்ணிக்குப் போயிருந்துச்சு.

"அண்ணே, பச்சை நான் போடலை"ன்னேன்.

அவர் திரும்பலை. "படம் புடிச்சுருக்காய்ங்களே."

"அது சாயங்காலம் போட்டது. அஞ்சே காலுக்கு. ரேஞ்சர் வர்றதுக்கு முன்னால."

அவர் எரிஞ்சுக்கிட்டிருந்த விறகை அடுப்பிலிருந்து வெளியே இழுத்துப் போட்டார். திட்டுவார்னு நின்னேன், திட்டினா நல்லா இருக்கும்னு கூட நினைச்சேன்.

"மூணு நாளாச்சே ஆத்தா"ன்னார். அவ்வளவுதான். அரிவாளை இடுப்புல சொருகிக்கிட்டு, ஒரு பாட்டில் தண்ணி, நேத்து மிஞ்சின கஞ்சி, பழைய துண்டு. காட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாதுன்னு உத்தரவு வாங்கின ஆளு முன்னால நடக்கிறார், நான் பின்னால. டவர் பாறையில அந்தக் கிளை காஞ்சு கருகிக் கிடந்துச்சு. அதைக் காலால ஓரமாத் தள்ளிட்டு இறங்கினார்.

யானை இல்லை, லத்தி மட்டும் கிடந்துச்சு. ஒரு மணி நேரம் இறங்கினோம். அவர் நிப்பார், மூக்கால இழுப்பார், மறுபடி நடப்பார். ஒரு இடத்துல புல்லு சாஞ்சு கிடந்ததைக் காட்டி, "இங்கன உருண்டுருக்காரு"ன்னார். எட்டிப் பார்த்தா கல்லு குவிஞ்சு கிடக்கிற பள்ளம். நான்தான் முதல்ல பார்த்தேன். நீலச் சட்டை. பாறைக்கு அடியில உட்கார்ந்த மேனிக்கு இருந்தார். செத்துட்டார்னு நினைச்சேன். அப்பவும் எனக்கு ஒண்ணும் ஆகலை, சரி செத்துட்டார்னு நினைச்சேன், அவ்வளவுதான்.

கண்ணைத் தொறந்தார்.

வலது கால் கணுக்காலுக்கு மேல எலும்பு ஒடிஞ்சு வெளியே வந்திருந்துச்சு. கால் கருத்துப் போய், ஈ மொய்ச்சு, நாத்தம். சன்னாசி அண்ணன் பள்ளத்துக்குள்ள இறங்கித் துண்டைத் தண்ணியில நனைச்சு உதட்டுல வச்சார். அவர் உறிஞ்சினார். அப்புறம் என்னைப் பார்த்து, "நான் எடத்தை விட்டு நகரலம்மா. தொலைஞ்சுட்டா நகரக் கூடாதுன்னு காலையில சொன்னீங்கல்ல"ன்னார்.

நான் சொன்னேனா? சொல்லியிருப்பேன்.

சன்னாசி அண்ணன் என் வாக்கிடாக்கியை வாங்கி அவரே பேசினார். "சார், சன்னாசி பேசுறேன். மனசு கேக்காம ஏறிட்டேன் சார். யானைத்தடத்துல ஆள் சத்தம் கேட்டுச்சு. ஆள் உசுரோட இருக்காப்ல." பேசி முடிச்சு வாக்கியை என்கிட்ட நீட்டினார். "அம்புட்டுத்தான். இதுக்கு மேல நீ எங்கயும் வாயத் தொறக்காத. ஆளு கெடைச்சாச்சு. ஒம் மவ படிக்குது."

"உங்க வேலைண்ணே?"

"கடைசி ஆளு நான்தானே. நான் விட்டுட்டு வந்தது நெசந்தானே."

சரின்னேன். கூச்சமே இல்லாம சரின்னேன்.

டிசம்பர் 10, புதன்

எட்டு மணி வரைக்கும் தூங்கினேன். கனவு ஒண்ணும் வரலை.

டிசம்பர் 13, சனி

மழை: இல்லை. பறவை: மைனா.

பாதையை மூடி வச்சிருக்காங்க. அண்டா, கரண்டி எல்லாம் கழுவி வாடகைக் கடையில ஒப்படைச்சேன். பிடிக்குக் கம்பி கட்டியிருக்கியேன்னு கடைக்காரர் முனகினார். அதுக்கு என்ன செய்யச் சொல்றீங்கன்னு கேட்டதுல சண்டை. நானும் சும்மா விடலை. வீடு வந்து சேர்ற வரைக்கும் வாய் ஓயலை. அண்டாப் பிடிக்குக் கோபம் வருது பாரு எனக்கு.

சன்னாசி அண்ணனுக்கு மெமோ வந்துருச்சு. பணியில கவனக்குறைவு, உத்தரவை மீறிக் காட்டுக்குள்ள போனது, ரெண்டும். நிரந்தரப் பட்டியல்ல அவர் பேரை நிறுத்தி வச்சிருக்காங்க. மெமோவைப் படிச்சுச் சொல்லணும்னு என்கிட்டத்தான் கொண்டு வந்தார். படிச்சுச் சொன்னேன். "நல்லா எழுதியிருக்காய்ங்க"ன்னு மடிச்சு வச்சுக்கிட்டார்.

டிசம்பர் 14, ஞாயிறு

மேகலா போன் பண்ணுச்சு. காலைக் காப்பாத்த முடியலையாம். முட்டிக்குக் கீழே எடுத்துட்டாங்களாம். ஒடிஞ்ச அன்னைக்கே, இல்லைன்னா மறுநாளே வந்திருந்தா வச்சுத் தச்சிருக்கலாம்னு டாக்டர் சொன்னாராம். "ஆனா உயிரோட கொடுத்தீங்களேக்கா, அது போதும்"னுச்சு.

மறுநாளே. ஞாயித்துக்கிழமை. நான் உப்புமா கிண்டின நாள்.

டிசம்பர் 18, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஏன் போனேன்னு தெரியலை. போகாம இருந்தா தப்பா நினைப்பாங்கன்னு போயிருப்பேன். ஆரஞ்சு வாங்கிட்டுப் போனேன்.

தியாகேசன் சார் தலகாணி வச்சுச் சாஞ்சிருந்தார். போர்வை ஒரு பக்கம் தட்டையா இருந்துச்சு. என்னைப் பார்த்ததும் அத்தனை சந்தோசம் அவருக்கு. பக்கத்துக் கட்டில்காரர்கிட்ட, "இவங்கதான்யா என்னைக் கண்டுபுடிச்சது"ன்னார். பார்க்க வந்திருந்த சொந்தக்காரர் ஒருத்தர் கேலி பண்ணினார், ஒதுங்கப் போன இடத்துல வழியைத் தொலைச்ச ஆளுன்னு. மேகலாவும், "எங்க ஊர்க் கடைத்தெருவுலயே வழி கேட்டுத்தான்க்கா போவார்"னுச்சு. அவரும் சிரிச்சார். ஆனா அவர் சிரிப்பு உடனே நின்னுருச்சு.

"எனக்கே தெரியலம்மா"ன்னு என்கிட்ட மட்டும் சொல்ற மாதிரி சொன்னார். "ரெண்டு பாதை இருந்துச்சு. எதுலயும் பச்சை இல்ல. அகலமா இருந்ததுல எறங்கிட்டேன். ரெண்டு மணி நேரம் போயும் யாரையும் காணும். தப்பா வந்துட்டோம்னு புரிஞ்சுபோச்சு. வந்த வழியே திரும்புனேன். மூச்சு வாங்குது, நின்னு நின்னு ஏறுறேன். மேல வந்து சேர்றப்போ ஆறு மணி இருக்கும், மசங்கிடுச்சு. பார்த்தா எதுக்க பச்சை கிடக்கு."

நான் ஆரஞ்சை உரிச்சுக்கிட்டிருந்தேன்.

"நான் எறங்குன எடத்துல பச்சை இல்லையே, அப்போ இது வேற எடம், இதுக்கு அந்தப் பக்கம் யானை போற வழின்னு நெனச்சேன். நீங்க சொன்னீங்கல்ல, பச்சையைத் தாண்டக் கூடாதுன்னு. தாண்டலம்மா. அப்படியே திரும்பி எறங்கிட்டேன். எறங்குறப்போதான் இருட்டுல கால் வழுக்கிடுச்சு. எங்க தப்புப் பண்ணேன்னுதான் படுத்துக்கிட்டே யோசிக்கிறேன். வெளங்கல."

ஆறு மணி. நாங்க டவர் பாறையை விட்டு ஓடைக்கு இறங்கி முக்கால் மணி நேரம்.

உரிச்ச ஆரஞ்சை அவர் கையில கொடுத்தேன். எனக்கும் ரெண்டு சுளை கொடுத்தார். தின்னேன். பஸ் ஏறினேன். கம்பம் வந்து இறங்கி மாத்து பஸ். ஜன்னல் ஓரம் இடம் கிடைச்சுச்சு.

டிசம்பர் 19, வெள்ளி

துணி துவைச்சேன். சாயங்காலம் வாசல் கூட்டப் போனவ பாதியில நிறுத்திட்டேன். விளக்கமாத்தைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். போட மறந்தது வேற. மறந்ததுக்கு ஒரு வாரம் அழுதுட்டு இருந்துக்கலாம். அந்தாளு கரெக்டா ஏறி வந்திருக்கார். நான் போட்ட பச்சைதான் அவரைத் திருப்பி விட்டிருக்கு. ஐயோ, நான் என்ன பண்ணி வச்சிருக்கேன்.

டிசம்பர் 20, சனி

மழை: இல்லை.

ஒரு முழுத்தாள்ல எழுதினேன். பச்சை போடாதது, ஏன் போடலை, அப்புறம் எப்போ போட்டேன், எல்லாம். சுடிதார் வரைக்கும் எழுதினேன். சன்னாசி மேல குற்றம் இல்லைன்னு எழுதினேன். அவர் வாக்கியில சொன்னதைப் பத்தி ஒரு வார்த்தை எழுதலை, அது அவர் பாடு.

ரேஞ்சர் ரெண்டு தடவை படிச்சார். கண்ணாடியைக் கழட்டி மேசையில வச்சார்.

"ராக்கம்மா, ஆளு கிடைச்சாச்சு. கேஸும் முடியப் போகுது. இதை நான் வாங்கினா உன் வேலை போகும், போலீஸ் வரும். பச்சை கிடந்துச்சுன்னு நான் எழுதின ரிப்போர்ட்டும் பொய்யாயிடும். எடுத்துட்டுப் போம்மா."

"வாங்கிக்கங்க சார். வாங்கிக்கிட்டதுக்கு சீல் போட்டு நகல் கொடுங்க."

"யாரு சொல்லிக் கொடுத்தா உனக்கு சீலெல்லாம்?"

"பன்னெண்டாவது படிச்சிருக்கேன் சார்."

அரை மணி நேரம் நிக்க வச்சார். நின்னேன். சீல் போட்டார்.

சன்னாசி அண்ணன் அதுக்குள்ள கேள்விப்பட்டு ரோட்டுல நின்னார். இந்த ரெண்டு வாரத்துல முதல் தடவையா எனக்கு முன்னால சத்தம் போட்டார். "என்னயக் கேட்டியா நீயி? நான் மூடுனதத் தொறக்க நீ யாரு? அந்தப் புள்ளைக்கு யாரு படிப்புக் குடுப்பா?" கத்திட்டு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுப் போயிட்டார். பத்தடி போய் நின்னு, "சோறு தின்னியா?"ன்னார். இல்லைன்னேன். மறுபடி ஏதோ திட்டிக்கிட்டே போனார்.

செல்வராணிக்கு போன் பண்ணிச் சொன்னேன். நான் அனுப்பின போட்டோவாலயாம்மான்னு கேட்டா. உன்னால இல்லைடின்னேன். நம்பலை அவ.

டிசம்பர் 22, திங்கள்

மறுபடியும் ஆஸ்பத்திரி. இந்தத் தடவை ஏன் போறேன்னு தெரிஞ்சு போனேன். ஆரஞ்சு வாங்கலை.

மேகலா கட்டில் ஓரத்துல உட்கார்ந்து அவருக்கு நகம் வெட்டிக்கிட்டிருந்துச்சு. நான் உட்காரலை. நின்னபடி சொன்னேன். மத்தியானம் பச்சை போடலைன்னும், சாயங்காலம் அஞ்சே காலுக்குப் போட்டேன்னும், நீங்க ஆறு மணிக்குப் பார்த்தது அதைத்தான்னும் சொன்னேன். தெரிஞ்சே மூணு நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்னும் சொன்னேன். சொல்லும்போது என் குரல் கேட்டுல பாடம் சொல்ற மாதிரியே இருந்துச்சு. அழுதுக்கிட்டே சொல்லியிருக்கலாம்.

மேகலா நகவெட்டியைக் கீழே வச்சுச்சு. "ஓடையில பாருங்கன்னு நான் சொன்னேனே. நீங்க பக்கத்துல நின்னீங்களே"ன்னுச்சு. "வெளிய போங்க"ன்னுச்சு. அது சத்தம் போடலை.

கதவு வரைக்கும் வந்துட்டேன். அவர் கூப்பிட்டார்.

"ஏம்மா, இருங்க. ஒண்ணே ஒண்ணு. அந்தப் பச்சை கிடந்துச்சே, அது நான் மத்தியானம் எறங்குன அதே எடமா?"

"அதே எடந்தான் சார்."

"அப்போ நான் திரும்பி வந்த வழி?"

"சரியாத்தான் வந்திருக்கீங்க சார். அந்தக் கிளையைத் தாண்டினா நம்ம பாதை. முப்பது அடி இருக்கும்."

போர்வையில தட்டையா இருந்த பக்கத்தைக் கையால நீவி விட்டுக்கிட்டே இருந்தார். அப்புறம் மகள் பக்கம் திரும்பினார்.

"கேட்டுக்கிட்டியா மேகலா? நான் வழியைத் தொலைக்கல."

அவர் முகத்துல சந்தோசம் இருந்துச்சு. நான் பார்த்தேன். மேகலா அவர் கையைப் பிடிச்சுக்கிட்டுக் குனிஞ்சுக்கிச்சு.

மூணு மணி பஸ்ஸுக்குக் கூட்டம். கம்பம் வரைக்கும் நின்னுக்கிட்டே வந்தேன்.